சுவருக்கு அந்தப் பக்கம்

அமெரிக்கக் கடற்படையில் போர் விமானியாக இருந்து, துணை அட்மிரலாக ஓய்வு பெற்றவர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். அவருக்குக் கிடைத்த போர்க்கள விருதுகள் மட்டும் 26. வெள்ளி நட்சத்திரமே நான்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானரை 1976 மார்ச்சில் அதிபர் ஃபோர்டு கையால் பெற்றார். ஆனால் அந்த உயர்ந்த விருது அவர் வானத்தில் செய்த எதற்கும் கிடைத்ததில்லை. கால் முடமாகி, கையில் ஒரு குண்டூசிகூட இல்லாமல் சிறையறையில் கிடந்தபோது செய்ததற்குக் கிடைத்தது. அதற்கு முன் அவர் அதே சிறையில் பலமுறை தோற்றுப் பணிந்தவர். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பல வருடங்களாக என்னை அவரிடம் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

1965 செப்டம்பர் 9. ஒரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய அவருடைய ஸ்கைஹாக் விமானம் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாராசூட்டில் ஒரு சிற்றூருக்குள் இறங்கினார். கூட்டம் சூழ்ந்துகொண்டு அடித்தது. இடது கால் முறிந்தது. அந்த முழங்கால் அப்புறம் ஆயுள் முழுக்க மடங்கவில்லை. அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் நாட்டின் மேல் குண்டு போட வந்தவரை மாலை போட்டா வரவேற்பார்கள்? அவரை அடைத்த ஹனோயின் ஹோவா லோ சிறையும் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமியரை விலங்கு மாட்டி வைப்பதற்காகக் கட்டியதுதான்.

வியட்நாம் போரின் நியாயத்தைப் பற்றி அவருக்கே ஓர் உறுத்தல் இருந்தது. 1964 ஆகஸ்ட் 4 இரவு, டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை எதிரிப் படகுகள் தாக்குவதாகச் செய்தி வந்தபோது மேலே பறந்துகொண்டிருந்தவர் அவர். படகு எதையும் அவர் பார்க்கவில்லை. ஆனாலும் மறுநாள் பதிலடித் தாக்குதலுக்கு அவரே தலைமை தாங்கிப் போனார். போர் முழுவீச்சில் விரிவதற்கு அந்த இரவைத்தான் காரணம் காட்டினார்கள். சிறையில் அவருடைய பெரிய பயமே இதுதான்: சித்திரவதையில் இந்த உண்மை தன் வாயிலிருந்து வந்துவிட்டால்? எதிரியின் பிரசாரத்துக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஏழரை வருடம் அந்தச் சுமையை நெஞ்சுக்குள் வைத்திருந்தார்.

சிறைப்பட்ட அமெரிக்க வீரன் பெயர், பதவி, சேவை எண், பிறந்த தேதி இந்த நான்கைத் தவிர வேறெதையும் சொல்லக் கூடாது என்பது அப்போதைய விதி. காகிதத்தில் எழுதுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஹோவா லோவில் கைகளைப் பின்னால் கயிற்றால் இறுக்கி, ரத்தம் ஓடாமல் செய்து, தலையைக் காலோடு சேர்த்து அழுத்துவார்கள். தோள்மூட்டு கழலும், மூச்சு முட்டும். எவ்வளவு பெரிய வீரனும் ஒரு கட்டத்தில் வாயைத் திறப்பான். திறந்துவிட்டு அறைக்குத் திரும்புபவனைக் கயிற்றைவிட மோசமாக ஒன்று தின்னத் தொடங்கும். நான் துரோகி, என் முகத்தில் யார் விழிப்பார்கள் என்ற எண்ணம்.

ஸ்டாக்டேல் இதைப் புரிந்துகொண்டார், ஏனென்றால் அவரும் அப்படித் திரும்பியவர்தான். மூத்த அதிகாரி என்ற முறையில் அவர் ஆணைகள் பிறப்பித்தார். பிறர் முன்னால் தலைவணங்காதே, ஒலிபரப்பில் பேசாதே, குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்ளாதே, தன்னைவிட ஒற்றுமையைப் பெரிதாக நினை என்பவை போல. எல்லாம் மனிதனால் ஓரளவு காப்பாற்றக்கூடியவை. காப்பாற்ற முடியாமல் போனால்? நடந்ததைத் தோழர்களிடம் மறைக்காமல் சொல், நாளை மறுபடி முதலிலிருந்து எதிர்த்து நில். அவ்வளவுதான். தோற்றவனை ஒதுக்கிவைக்க அங்கே இடமே இல்லை.

சொல்வது எப்படி? பேசினால் அடி. சுவர்தான் வழி. கார்லைல் ஹாரிஸ் என்ற விமானப்படை விமானி, பயிற்சிக் காலத்தில் பேச்சுவாக்கில் கேட்ட ஒரு சங்கேத முறையை நினைவில் வைத்திருந்து 1965இல் சிறைக்குள் பரப்பினார். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் மனத்துக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் தட்டுவது எத்தனையாவது வரிசை, சற்று விட்டுத் தட்டுவது அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து. இருபத்தாறில் ஒன்று மிஞ்சுமே? ‘கே’யை விட்டுவிட்டார்கள், ‘சி’யே அதற்கும் சேர்த்து உழைத்தது. அடிபட்டு வந்து தரையில் கிடப்பவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரல்முட்டியின் சத்தம் வரும். நானும் இப்படித்தான் வந்தேன், நீ தனியாக இல்லை என்று.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அண்ணன் நினைவு வந்துவிடுகிறது.

அண்ணன் திருப்பூரில் நாலு தையல் மெஷின் போட்டு பனியன் தொழில் தொடங்கினான். அப்பா வயலை அடமானம் வைத்துக் கொடுத்த பணம். இரண்டு வருடத்தில் எல்லாம் போயிற்று. ஒரு விடியற்காலையில் ஒற்றைப் பையோடு வந்து, பின்கட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அப்பா திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அம்மா சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, “சாமி, ஆறிப்போயிரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாள். என் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அவன் இருமுவது கேட்கும், ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர்ச் சொம்பை வைப்பது கேட்கும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனுக்குக் கூச்சமாக இருக்கும், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். மூன்று மாதம் அந்தக் கதவை நான் தட்டவில்லை. பிறகு அவனாகவே எழுந்து கோயம்புத்தூர் போய் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தான்.

பல வருடம் கழித்து, என் மகள் கல்யாண வேலையாக இரண்டு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, சம்பந்தமில்லாமல் அவன் சொன்னான்: “அப்ப நீ ராத்திரியில சத்தம் போட்டுப் படிப்பியே, அதைக் கேட்டுக்கிட்டேதான்டா கிடப்பேன். நீ நிறுத்தினாத்தான் பயமா இருக்கும்.”

நான் அவனுக்காகப் படிக்கவில்லை. பரீட்சைக்காகப் படித்தேன்.

ஸ்டாக்டேலைப் பற்றி நிர்வாகப் புத்தகங்கள் நிறையப் பேசுகின்றன. கிறிஸ்துமஸுக்குள் விடுதலை என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள்தான் மனம் உடைந்து செத்தார்கள் என்று அவர் சொன்னதை எடுத்து மேலாளர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அவர் விட்டுப்போனதில் பெரியது அது இல்லை என்பது என் எண்ணம். விழுந்தவன் அறைக்குத் திரும்பிய முதல் ஒரு மணி நேரத்தில் பக்கத்து அறைக்காரன் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சிறை கண்டுபிடித்ததே, அது பெரியது. நம் வீடுகளில் கடனில் விழுந்தவன், விவாகரத்தாகி வந்தவள், வேலை போனவன் என்று யார் திரும்பி வந்தாலும் நாம் மரியாதையாக மௌனமாகிவிடுகிறோம். உள்ளே இருப்பவருக்கு அந்த மௌனம் தண்டனையாகத்தான் போய்ச் சேர்கிறது.

1969 செப்டம்பரில் மறுபடி ஸ்டாக்டேலைக் கயிற்றுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளும் தொடரும், கைதிகளின் தொடர்பு வலையைக் காட்டிக்கொடுக்க வைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அன்றிரவு ஜன்னல் கண்ணாடியை உடைத்துத் தன்னையே காயப்படுத்திக்கொண்டார். காவலர்கள் பார்த்துக் காப்பாற்றினார்கள். காட்டிக்கொடுப்பதைவிட உயிரையே விட இவர் தயார் என்று கண்ட பிறகு எல்லாக் கைதிகள் மீதும் கொடுமை தணிந்தது என்கிறது விருதுப் பத்திரம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்காகச் செய்தது அது. 1973 பிப்ரவரி 12 அன்று விடுதலையாகி, நொண்டிக்கொண்டே விமானம் ஏறினார். 2005இல் இறந்தார்.

இரவு அடங்குவதற்கு முன் அந்தக் கைதிகள் ஒருவருக்கொருவர் தட்டுவது பெரும்பாலும் மூன்றே எழுத்துகள். ஜி, பி, யு. கடவுள் உன்னைக் காக்கட்டும் என்பதன் சுருக்கம். என் மேஜையில் ஒருமுறை தட்டி எண்ணிப் பார்த்தேன். இரண்டு, இரண்டு. ஒன்று, இரண்டு. நான்கு, ஐந்து. மொத்தம் பதினாறு தட்டு, அரை நிமிடம்கூட ஆகவில்லை.