சேர்த்துக்கொள்ளும் கடமை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயங்களைச் சங்கங்கள் பல நடத்துகின்றன. சங்கத்தில் இடம்பெற்ற பல்கலைக்கழகத்துக்குத் தொலைக்காட்சி வருமானத்தில் பங்குண்டு. இடமிழந்ததற்கோ, பிற விளையாட்டுகளையும் மாணவர் உபகாரச் சம்பளத்தையும் தாங்கிநின்ற திரவியமே வற்றிப்போகும். ஆகையால், யாரைச் சேர்ப்பது என்னும் பிரச்சினை வியாபாரக் கணக்கோடு முடிந்துவிடுவதன்று.

1915-இல் தோன்றிய பசிபிக் கரைச் சங்கத்தின் வழிவந்த பாக்-12, தன் பன்னிரண்டு உறுப்பினரில் பத்துப் பேரை 2024-க்குள் இழந்தது. அது நழுவவிட்ட சந்தர்ப்பங்களை எண்ணுவோர் 2010-ஐயே முதலிற் சொல்வர். டெக்ஸஸ், ஓக்லஹோமா உள்ளிட்ட, பிக்-12 என்னும் அயற்சங்கத்தின் உறுப்பினரை அழைத்துப் பதினாறாகப் பெருக நினைத்த திட்டம், டெக்ஸஸ் இசையாமையால் கலைந்தது. மறு ஆண்டு ஓக்லஹோமா நாட்டம் காட்டியபோது, விரிவு வேண்டாமென்று சங்கமே தீர்மானித்தது. வருமானத்தை நோக்கின் இவை பெருநஷ்டங்கள். ஆயினும் தர்மத்தை நோக்கின், அயல்வீட்டுத் தூண்களைப் பெயர்த்துத் தன் மாளிகையை உயர்த்தாமற்போனதற்காக வருந்த வேண்டுவதில்லை.

2021-இன் நிலை முற்றிலும் வேறு. டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் தென்கிழக்குச் சங்கத்தை நாடிச் செல்லத் துணிந்தபோது, எஞ்சிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் திகைத்து நின்றன. அவ்வீட்டை இடித்தவர் வேறு. ஆதலின், அவற்றுள் சிலவற்றையேனும் ஏற்றிருந்தால், இடித்த பழி பாக்-12-ஐச் சேர்ந்திராது. அதுவோ, ஆகஸ்ட் 24-ஆம் நாள் பிக் டென், அட்லாண்டிக் கரைச் சங்கம் ஆகிய இரண்டோடும், கையொப்பமிட்ட பத்திரம் ஏதுமின்றி, ஒருவர் சொல்லை மற்றவர் நம்பும் கூட்டணியொன்றை அறிவித்து, இரண்டே நாளில், இப்போது எவரையும் சேர்ப்பதற்கில்லை என்றும் அறிவித்தது. ஓராண்டு நிறையுமுன், பாக்-12 உறுப்பினரான தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தையும் லாஸ் ஏஞ்சலிஸ் யு.சி.எல்.ஏ.வையும் அழைத்துக்கொண்டது அந்தப் பிக் டென்னே.

பல்கலைக்கழகத் தலைவர் தம் மாணவரின் பொருளுக்குத் தர்மகர்த்தா. பிறர் பொருளைக் கொண்டு ஒருவன் தயாளனாதல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கனமான கேள்விதான். ஆனால், வெளியே நிற்பவனைத் தொலைக்காட்சிச் சந்தையின் அளவுகோலால் மட்டும் அளக்கும் சபை, உள்ளேயிருக்கும் எளியவனையும் ஒருநாள் அதே கோலால் அளக்கும். 2023-இல் பாக்-12-ஐச் சேர்ந்த ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும், பசிபிக் கரையிலிருந்துகொண்டே, அட்லாண்டிக் சங்கத்தில் இடந்தேடிக்கொண்டன. கைவிடப்பட்டவை, சிற்றூர்களான கார்வாலிஸிலும் புல்மனிலும் உள்ள ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும். அவற்றுள் முன்னது 1915-இல் சங்கத்தைத் தோற்றுவித்தோரில் ஒன்று!

இவ்விரண்டுக்கும் 2024 பருவத்தில் ஆட்டங்கள் தந்து உதவியது மவுன்டன் வெஸ்ட் சங்கம். அப்பருவம் முடியுமுன்பே, செப்டம்பரில், அதன் உறுப்பினரான பாய்சி மாநிலப் பல்கலைக்கழகம் முதலிய ஐந்தைத் தம் பக்கம் அழைத்துக்கொண்டன இவை. அழியும் நிலையிலிருந்தோர் உயிர்பிழைக்கச் செய்த காரியம் என்று இரங்கலாம், இரங்கவும் வேண்டும். ஆயினும் 2021-இல் பழியின்றிக் கிடைத்திருக்கக்கூடிய விரிவு, இம்முறை உதவியவரின் வீட்டைக் குலைத்தே கிடைத்தது. வயோமிங்கும் நெவாடாவும் நியூ மெக்சிகோவும் அக்குலைந்த வீட்டில் எஞ்சி நிற்கின்றன.