அமைதியும் தெளிவும்

நோயாளி அமைதியாக இருப்பின் நலமாக இருக்கிறார் எனக் கொள்வது உலகியல்பு. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இக்கருத்துப் பெரும்பிழையாகலாம். கடும் நோய், அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து, உறக்கமின்மை முதலியவற்றால் திடீரெனத் தோன்றி, ஒரே நாளில் கூடியும் குறைந்தும் வரும் மனக்குழப்பத்தை மருத்துவர் 'டெலிரியம்' என்பர். முன்னோர் சன்னி என்று குறித்த நிலைக்கு இது நெருங்கியது. கூச்சலிட்டுக் குழாய்களைப் பிடுங்குபவரை எவரும் கவனிப்பர். சோர்ந்து அசைவின்றிக் கிடப்பவரோ தொல்லை தராத நல்ல நோயாளி எனப் பெயர் பெறுவர். அவரது குழப்பமே பெரிதும் அறியப்படாது போகின்றது.

இதனைக் கண்டறிய, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி ஈலியும் அவர்தம் துணைவரும் 2001ஆம் ஆண்டில் ஒரு சோதனைமுறையை வெளியிட்டனர். சுவாசக் குழாயினாற் பேச இயலாதவரும் இதற்கு உட்படலாம். தாதி எழுத்துகளை ஒவ்வொன்றாக உரைக்க, குறித்த எழுத்து ஒலிக்கும்போது மட்டும் நோயாளி அவர் கையை அழுத்தவேண்டும். 'கல் நீரில் மிதக்குமா?' என்பன போன்ற எளிய வினாக்களும் உண்டு.

ஒருகொடவத்தையிலிருந்து கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் முதிய தமிழ்த் தாய் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆங்கில எழுத்தோ சிங்கள வினாவோ அவருக்கு விளங்காவிடின், அழுத்தப்படாத கை எதனைக் காட்டும்? உள்ளத்தின் குழப்பத்தையா, மொழியின் இடைவெளியையா? கல்லிற் கட்டிக் கடலில் இடப்பட்ட திருநாவுக்கரசர் மிதந்து கரைசேர்ந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர், 'மிதக்கும்' எனத் தலையசைப்பின் அது பிதற்றலா, பக்தியா?

உயிர் காக்கும் அவசரத்தில் மொழியாராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். டெலிரியம் உற்றோரிடை மரணமும் நீடித்த மறதியும் மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. அதனைத் தவறவிட்டால், அதன் பின்னே மறைந்திருக்கும் கிருமித்தொற்றும் தவறிப்போகலாம். இல்லாததை உண்டென்றால், வேண்டாத மருந்து உடலிற் சேரும். ஆதலின் சரியாகக் கண்டறிதலும் உயிர் காத்தலின் ஒரு கூறேயாம்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை நோயாளியின் கட்டிலருகே தமிழறிந்த ஒருவரின் குரலாக ஒலித்தாலன்றி நிறைவுறாது. தாயின் வழமையான பேச்சை அறிந்த மகளின் சொல்லும் அங்கே சான்றாகக் கொள்ளத்தக்கது. பிறர் அறிவை அளக்க முற்படுவோர், அவர் எம்மொழியிற் சிந்திக்கிறார் என்பதை முதலில் அறியக் கடமைப்பட்டோராவர்.