வினையும் கிணற்று நீரும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கி வரும் நெடுஞ்சாலையை விட்டு விலகிச் சிறிது தூரம் நடந்தால் தொழிற்கூடங்கள் மறைந்து, பாறைகளும் மானாவாரி நிலங்களும் தொடங்கிவிடும். அத்தகைய சிற்றூர் ஒன்றின் தேநீர்க் கடையில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், கூன் விழுந்த பெரியவர் ஒருவரைக் கண்டேன். கழுத்தைத் திருப்ப அவரால் இயலாது. யாரேனும் அழைத்தால் உடலோடுதான் திரும்புவார். உடம்புக்கு என்ன என்று வினவினேன். “போன ஜென்மத்துப் பாவம், பாய். அனுபவிச்சுத் தீர்க்கணுமில்ல?” என்றார். “எங்கள் மார்க்கத்தில் மறுபிறவி இல்லை, பெரியவரே” என்று சற்றுப் பெருமிதத்தோடு விடையிறுத்தேன். வீடு திரும்பியதும், அதே கூனோடு திண்ணையில் அமர்ந்திருந்த என் பெரியம்மாவிடம், “சபூர் செய்யுங்கள்; எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்” என்றேன். அவரும் தலையசைத்தார். இரு வீட்டாருக்கும் குடிநீர் ஒரே கிணற்றிலிருந்து வந்தது என்பது அன்று என் நினைவில் தைக்கவில்லை.

மாற்றாரின் தத்துவத்தை எடைபோடுமுன் அதனை அவர்கள் கூறும் வண்ணமே அறிந்துகொள்ளுதல் நம் முன்னோர் காட்டிய நெறி. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார்; இந்துக்களின் கொள்கைகளை மறுத்து வாதிடாமல், உள்ளது உள்ளவாறு உரைக்க முனைந்தார்.

அவ்வழி நின்று நோக்குவோமாயின், பெரியவரின் சொல் இந்து தத்துவத்தின் ஒரு பகுதியே தவிர முழுமையன்று என்பது புலப்படும். சாங்கிய தரிசனம் துன்பத்திலிருந்தே தன் விசாரணையைத் தொடங்குகிறது. உடலிலும் உள்ளத்திலும் எழுவது ஆத்தியாத்மிகம். பிற உயிர்களாலும் பொருள்களாலும் வருவது ஆதிபௌதிகம். தெய்வ சக்திகளால் நேர்வது ஆதிதைவிகம். கண்கூடான பரிகாரங்கள் இருக்கத் தத்துவம் எதற்கு என்ற வினாவை ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை தானே எழுப்பிக் கொண்டு, அவை துன்பத்தை முற்றாகவும் நிலையாகவும் போக்குவதில்லை என்று விடை கூறுகிறது. மருந்து போதாது என்பதே அதன் வாதம். மருந்து வேண்டா என்பதன்று.

வினைக் கொள்கையும் அப்படியே. குவிந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் நுகரத் தொடங்கியது பிராரத்தம். இனி ஈட்டப்படுவது ஆகாமியம். நோயுற்றவன் தன் துயரைப் பிராரத்தம் என்று கொண்டு மனம் தேறுவானாயின், அது அவனுக்கு ஆறுதல். அண்டை வீட்டான் அதே சொல்லைச் சொல்லிவிட்டு வாளாவிருப்பானாயின், அந்த வாளாவிருத்தலே அவனுடைய ஆகாமியக் கணக்கில் ஏறுமன்றோ? ஒரே சொல், எவர் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது. நான் பெரியம்மாவிடம் கூறிய ‘சபூர்’ எத்தகையது என்பதை எண்ணும்போது இன்றும் கூசுகிறேன்.

சைவ மரபிலேயே இதற்கு ஒரு கண்டனம் உண்டு. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டிற்கு வந்தபோது அடியார்கள் குளிர்சுரத்தால் வாடினர் என்றும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாடி அதனை அகற்றினார் என்றும் பெரியபுராணம் கூறும். இது இன்ன வினையின் பயன் என்று பேசிக் கொண்டு உய்வைத் தேடாதிருத்தல் இழுக்கு என்பதே அப்பதிகம் தொடங்கும் தொனி. அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் அதே ஏழாம் நூற்றாண்டில், 639ஆம் ஆண்டளவில், ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற கலீபா உமர் (ரலி) அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டுத் திரும்பிவிட்டார். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவ, அவன் விதியிலிருந்து அவன் விதியை நோக்கியே செல்வதாக உமர் மொழிந்தார். நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

எங்கள் ஊரின் நோய்க்கு வேர் கருங்கற் பாறையில் இருந்தது. பாறையிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், வளரும் குழந்தைகளின் பற்களில் காவிக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் பருகியோரின் எலும்பும் மூட்டும் இறுகிவிடும், பிறகு மீட்சியில்லை. பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் இந்நோயை இனங்கண்டு எழுதினர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பிற்று. 2013இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. 1937க்கும் 2013க்கும் இடைப்பட்ட எழுபத்தாறு ஆண்டுகளை எந்தப் பிறவியின் கணக்கில் எழுதுவது?

பெரியவரும் பெரியம்மாவும் அந்த நீரைக் காணவில்லை. காய்ச்சிக் குடித்தால் கெடுதி போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, பெரியம்மா நாள்தோறும் பிஸ்மி சொல்லி அடுப்பு மூட்டி, கிணற்று நீரைக் கொதிக்க வைத்து எங்களுக்கு ஊற்றித் தருவார். புளோரைடு காய்ச்சினால் போகாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும். இதை நான் அறிந்தபோது அவர் கப்ரின் மேல் புல் முளைத்திருந்தது.