சேர்த்து வைப்பார் அறம்

உடன்பிறந்தார் இருவரிடையே ஒரு கிணற்றின் முறைத் தண்ணீர் பற்றிய பூசல். அண்டை வீட்டாரிடையே வரப்பு, நடைபாதை, சுவர் பற்றிய பூசல். இரவெல்லாம் ஓடும் விசைத்தறியின் ஓசை பற்றிய பூசல். இவையனைத்தினும் கொடிதாக, முதுமையுற்ற தாயை எந்த மகன் வீட்டில் வைத்துக் காப்பது என்னும் பூசல். சேர்வராயன் மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி தொடங்கி நாமக்கல் வரை பரந்த இச்சமவெளியில் இவற்றை அறியாத ஊர் இல்லை. இத்தகைய பூசல்களில் நடுவே நின்று இருவரையும் சேர்த்து வைப்பவரைப் பெரியோர் என்று போற்றுகிறோம். ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. குற்றம் ஒருவர் பக்கமே இருக்கும்போது சமாதானம் பேசுவது அறமாகுமா? அநீதிக்குத் துணைபோவதாகாதா?

இவ்வையத்துக்கு விடை காண நம் சம்பிரதாயமே வழிகாட்டுகிறது. தாயாரை முதலிற் சேவித்துப் பின்னர் எம்பெருமானைச் சேவிப்பது வைணவ மரபு. இதன் உட்பொருள் பிராட்டியின் புருஷகாரம் ஆகும். குற்றமுடைய ஜீவனுக்கும் குற்றத்தைக் கணக்கிட வல்ல ஈசுவரனுக்கும் இடையே நின்று அவள் பரிந்து பேசுகிறாள். பிள்ளை லோகாசாரியர் தமது ஸ்ரீவசனபூஷணத்தில், புருஷகாரம் செய்வார்க்குக் கிருபை, பாரதந்திரியம், அநந்யார்ஹத்வம் என்னும் மூன்று குணங்கள் வேண்டும் என அருளினார். இவற்றை உலகியலுக்கு இறக்கிப் பார்ப்போமாயின், எளியவன் துன்பத்தைக் கண்டு பொறாத நெஞ்சு ஒன்று. வலியவன் தட்டாது செவிசாய்க்கும்படியான நெருக்கம் ஒன்று. தனக்கென வேறோர் ஆதாயம் நாடாத தூய்மை ஒன்று என மூன்றும் விளங்கும்.

பிராட்டி இருவரிடமும் பேசுகிறாள் என்பதையும் நோக்குக. ஜீவனிடம் எம்பெருமானின் எளிமையை எடுத்துரைக்கிறாள். எம்பெருமானிடம் ஜீவனின் கதியற்ற நிலையை எடுத்துரைக்கிறாள். குற்றமே நிகழவில்லை என்று அவள் சாதிப்பதில்லை. குற்றம் நிற்கவும் உறவு அறாதிருக்க வழி தேடுகிறாள். ஆகவே சமாதானம் என்பது குற்றத்தை மறைத்தலன்று. குற்றத்துக்குப் பின்னும் இருவரும் ஒருங்கே வாழ வழி வகுத்தலே ஆகும்.

இவ்வறம் உலகவழக்கிலும் நடைபெறக்கூடியதே என்பதற்கு அண்ணல் காந்தியடிகளின் வாழ்க்கை சான்று. 1893ஆம் ஆண்டில் தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். எதிராளியான தயப் சேட்டோ வணிகருக்கு நெருங்கிய உறவினர். 40,000 பவுன் பற்றிய வழக்கு அது. நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டே போனால் இருவரும் அழிவர் என்றுணர்ந்த காந்தியடிகள், நடுவர் ஒருவரிடம் ஒப்படைக்க இருவரையும் இசைவித்தார். நடுவர் தீர்ப்பில் 37,000 பவுனும் செலவும் அவர் கட்சிக்காரருக்குக் கிட்டின. வென்றதோடு கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. முழுத்தொகையையும் ஒருசேரக் கட்டினால் தோற்றவர் நொடித்துப்போவார் என்பதால், நீண்ட காலத் தவணையில் பெற்றுக்கொள்ளும்படி வென்றவரிடமே மன்றாடி ஒப்பச் செய்தார். யாருக்கு எவ்வளவு என்று நடுவர் கூறியது நீதி. அந்நீதியால் ஓர் உறவினர் அழியாமற் காத்தது சமாதானம். இரண்டும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல.

எனினும் சமாதானத்துக்கு ஓர் எல்லை உண்டு. காஞ்சித் திருப்பாடகத்தில் பாண்டவ தூதனாக வீற்றிருக்கும் எம்பெருமான், அரசில் பாதி இல்லையேல் ஐந்து ஊராவது தருக என்று கேட்கும் அளவுக்கு இறங்கினான். பாண்டவர் வாழ இடமின்றிப் போகும் உடன்பாடு ஒன்றை அமைதி என்று பெயரிட்டுக் கொண்டுவரவில்லை. அடி உதைக்கு ஆளான பெண்ணைப் பொறுத்துப்போ என்று திருப்பி அனுப்புவதும், பட்டினி கிடக்கும் தாயை மகன் பெயர் கெடும் என்று வாய்மூடச் செய்வதும் இவ்வெல்லையைக் கடந்த செயல்களாம். அச்சுறுத்திப் பணிய வைக்கும் கட்டப்பஞ்சாயத்தும் சமாதானமாகாது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே உரைத்தது.

இன்றைய சட்டமும் இந்நெறியைப் பெரிதும் தழுவியுள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005ஆம் ஆண்டில் சமரசத் தீர்வு மையம் தொடங்கப்பெற்றது. அங்கு நடுநிற்பவர் தீர்ப்புக் கூறுவதில்லை. இரு தரப்பாரிடமும் சேர்ந்தும் தனித்தும் பேசுகிறார். அங்குப் பேசியவை வெளியே செல்வதில்லை. மக்கள் நீதிமன்றத்தில் எட்டப்படும் உடன்பாட்டுக்கு மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சமரசச் சட்டமோ, குடும்பங்களுக்கும் அண்டை அயலாருக்கும் இடையிலான பூசல்களை இருதரப்பின் முன்னிசைவோடு மூவர் குழு பேசித் தீர்க்க வழி வகுத்துள்ளது.

பெற்றோர் பராமரிப்புக்கெனத் தனிச் சட்டமே 2007இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியோர் முறையிடலாம். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பி, ஒரு திங்களுக்குள் இணக்கம் காண முயலவும் அச்சட்டத்தில் இடமுண்டு. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு மகனுக்கு எழுதிக்கொடுத்த சொத்தை, அவன் கைவிட்டால் மீட்டுக்கொள்ளவும் வழியுண்டு. ஆகவே தாய்க்குச் சோறிடுவதா வேண்டாவா என்பது பேரத்துக்கு உரிய பொருளன்று. யார் வீட்டில், எம்முறையில், மருத்துவச் செலவை எவ்வாறு பகிர்ந்து என்பனவே பேசித் தீர்க்கத் தக்கவை.

இங்கே நம்மில் பலரும் கவனியாது விடும் ஒன்றைக் கூறியாக வேண்டும். இத்தகைய பேச்சு வார்த்தைகளில் மகன்மார் பேசுவர், மருமக்கள் பேசுவர், பங்காளிகள் பேசுவர். திங்களுக்கு ஒரு வீடு என முறை வகுத்து, நல்ல முடிவு கண்டோம் என்று எழுவர். அந்தத் தாய் திண்ணையிலேயே அமர்ந்திருப்பாள். மாதந்தோறும் துணிமூட்டையோடு வீடு மாறுவது அவளுக்கு இசைவா என்று ஒருவரும் கேட்டிரார். மகன்மார்க்குள் பூசல் தீர்ந்தது உண்மை. அவளுக்கோ எதுவும் தீரவில்லை.

ஆதலின் நடுநிற்க முன்வரும் பெரியோர், யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசுகிறார்களோ அவரை முதலில் அழைத்து அருகே அமர்த்தி, அவர் சொல்லை முழுதும் கேட்டல் வேண்டும். வலியவன், எளியவன் இருவருக்கும் நடுவே சரிபாதி தூரத்தில் நிற்பது நடுநிலை போலத் தோன்றலாம். ஆனால் பிராட்டி அவ்வாறு நிற்பவள் அல்லள். எம்பெருமானை ஒருகணமும் பிரியாதிருந்தே, கதியற்ற ஜீவன் பக்கம் சாய்ந்து பேசுபவள் அவள். அத்தாயாரைச் சேவிக்க வந்துள்ள நாம், ஊர் திரும்பியதும் நம் தெருவில் பேச்சற்றுப் போன இரண்டு வீடுகளுக்கு இடையே அவள் குணத்தில் சிறிதேனும் கொண்டு நிற்போமாக. அதற்கு எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.