மெய்க்கு இரு பொருள்

உடம்பையும் உண்மையையும் மெய் என்ற ஒரே சொல்லால் வழங்குகிறது தமிழ். உடல் நில்லாதது, சத்தியமே நிலைப்பது என்று ஓயாமல் உபதேசித்த ஞானிகள் பேசிய மொழி, இவ்விரண்டுக்கும் ஒரு சொல் போதும் என்று எவ்வாறு துணிந்தது என்ற வினா நெடுநாளாக என் மனத்தில் கிடந்தது. அமெரிக்காவில் பாலே நடனம் பயின்ற கறுப்பின நர்த்தகர்களின் சரித்திரத்தை வாசித்த பிறகே அச்சொல்லின் ஆழம் எனக்கு ஓரளவு புலப்பட்டது.

பாலே என்பது சரீரத்தைக் கொண்டே சரீரத்தை மறக்கச் செய்ய முயலும் கலை. 1832-ல் பாரிஸ் நகரத்து அரங்கில் மேரி தாக்லியோனி 'லா ஸில்ஃபீட்' என்ற நாட்டியத்தில் காற்றுலகத்து அணங்காக, கால்விரல் நுனியில் நின்று ஆடிய நாள்தொட்டு, மண்ணின் பாரத்தை உதறிவிட்ட ஆத்மாவே மேடையில் உலவுகிறது என்ற பிரமையை உண்டாக்குவது அக்கலையின் லட்சியமாயிற்று. வெண்துகில் உடுத்த மங்கையர் வரிசை வரிசையாக, ஒரே மூச்சு விடுவார்போல் அசையும் காட்சிகள் அந்த லட்சியத்தின் சிகரமெனப் போற்றப்பட்டன. ஆத்மாவுக்கு நிறமில்லை என்பதை எந்தச் சமயத்தாரும் மறுக்க மாட்டார்கள். ஆயினும் அதைக் குறிக்க வெண்மையை உவமையாக எடுத்துக்கொண்ட சம்பிரதாயம், நாளடைவில் உவமையையே உவமேயமென மயங்கி, துகிலுக்கு உரிய நிறத்தை ஆடுபவளின் தோலுக்கும் லக்ஷணமாக விதித்துவிட்டது.

1917-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த ஜேனட் காலின்ஸ், இளம் பருவத்திலேயே, புகழ்பெற்ற ரஷ்ய பாலே குழுவினர் முன்பு ஆடிக் காட்டினார். ஆட்டத்தில் குறை காணாத அவர்கள், முகத்துக்கு வெள்ளை பூசிக்கொள்ளச் சம்மதித்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அச்சிறுமி மறுத்துவிட்டுக் கண்ணீரோடு வெளியேறினார். பின்னர், 1951-ல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கம் அவரை வரவேற்றது.

அரிதாரம் பூசாத மேடை எங்கே உண்டு, அரசனல்லாதவன் அரசனாக வருவது பொய்யாகுமா, அப்படியிருக்க இந்தப் பூச்சை மட்டும் மறுப்பானேன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேடம் என்பது ஆடுகிறவரும் பார்க்கிறவரும் அறிந்தே செய்துகொள்ளும் உடன்படிக்கை. அரசன் வேடத்தைக் காண்பவன், உள்ளே இருப்பவன் வேறொருவன் என்பதை அறிந்தே ரசிக்கிறான். காலின்ஸிடம் கேட்கப்பட்ட பூச்சோ, உள்ளே இருப்பவர் யார் என்பதைக் காண்பவன் ஒருபோதும் அறியலாகாது என்பதற்காகவே கேட்கப்பட்டது. வேடத்துக்கும் வஞ்சகத்துக்கும் இடையிலுள்ள கோடு அங்கேதான் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது என் துணிபு.

ஆனால் அந்தக் கோட்டின்மீதே சில ஆண்டுகள் நின்று ஆடியவர் ஒருவர் உண்டு. ரேவன் வில்கின்ஸன், 1955-ல், மூன்றாம் முறை முயன்ற பின்பு 'பாலே ரூஸ் த மாண்டி கார்லோ' குழுவில் இடம்பெற்றார். சற்றே வெளிறிய மேனியர். மேடையில் வெண்பொடியும் பூசிக்கொண்டார். ஊர் ஊராகச் சென்ற அக்குழு, வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே விடுதியில் தங்குவதைச் சட்டமே தடுத்திருந்த தென் மாகாணங்களுக்கும் போயிற்று. அட்லாண்டாவில் விடுதிக்காரர் ஒருவர், நீ கறுப்பினத்தவளா என்று நேருக்கு நேராகக் கேட்டார். இல்லை என்ற ஒரு சொல்லை அந்த இளம்பெண் உச்சரித்திருந்தால் அன்றிரவு அதே கூரையின்கீழ்த் தோழியரோடு உறங்கியிருக்கலாம். அவர் மறுத்துரைக்கவில்லை, ஆகவே விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

பிறர்க்குக் குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் ஸ்தானத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடங்கொடுத்திருப்பதை எண்ணிப் பார்க்கிறேன். குழுவினருக்குத் தம்மால் தீங்கு நேரலாகாதே என்ற கவலை வில்கின்ஸனுக்கு நிரம்ப இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தாலும் நான் பழிக்கத் துணியேன். எனினும் அந்தப் பொய்யால் விளையும் நன்மை குற்றமற்றதாகாது. ஏனெனில், பெற்ற தாய் தந்தையரை மறுதலித்து, விடுதிக்காரரின் அதர்மத்துக்குத் தம் நாவாலேயே சாட்சியம் கூறுவதாக அது முடிந்திருக்கும். மேடையில் பொடி பூசச் சம்மதித்தவர் வாய்ச்சொல்லில் சம்மதியாததை முரண்பாடென்று சிலர் கொள்வர். நானோ, அவர் தமக்கென வகுத்துக்கொண்ட எல்லை அதுவென்றே கருதுகிறேன். தோல்மேல் பூசியதைக் கழுவிவிடலாம்; நாவால் சொன்னதைக் கழுவ இயலாது. பின்னொரு முறை, தென்னாட்டு மாண்ட்கமரி நகரில், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தார் மேடைமீதே ஏறி, கறுப்பினத்தவள் எங்கே என்று முழங்கியபோது சக நர்த்தகர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமும் ஒருவகைச் சத்தியமே.

1961-ல் குழுவைவிட்டு விலகிய வில்கின்ஸன், விஸ்கான்ஸினில் ஒரு கன்னியர் மடத்தில் சில மாதங்கள் வாழ்ந்தார். துறவு நாடிய அவரை நடனம் மீண்டும் அழைத்தது. 1967-ல் நெதர்லாந்து தேசிய பாலே குழுவில் சேர்ந்தார். தோலை மறைக்கும்படி கேட்ட கலையையே அவர் பின்னும் வழிபட்டார் என்பதில் எனக்கு வியப்பும் பக்தியும் ஒருங்கே எழுகின்றன.

நிறத்தை மறைக்காமல் கலைக்குள்ளேயே அதற்கு இடமளித்த நாள் அதற்கு முன்பே, 1957-ல் வந்திருந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு ஜார்ஜ் பாலன்ஷைன் அமைத்த 'அகோன்' நாட்டியத்தில், நியூயார்க்கின் ஹார்லத்தில் பிறந்த கறுப்பின நர்த்தகர் ஆர்தர் மிட்சலும் வெள்ளை இனத்து டயானா ஆடம்ஸும் இணைந்து ஆடினர். ஒருவர் கரம் மற்றவர் கணுக்காலைப் பற்றும்போது தோன்றும் வர்ண வேற்றுமை அவ்வமைப்பின் சௌந்தரியத்திலேயே ஓர் அங்கமாகும்படி பாலன்ஷைன் செய்திருந்தார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட செய்தி கேட்டுக் கலங்கிய மிட்சல், மறு ஆண்டே தம் ஆசான் காரெல் ஷூக்குடன் சேர்ந்து ஹார்லம் நடன அரங்கைத் தோற்றுவித்தார். தொடக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகையில் பாடம் நடந்தது. தெருவோடு போகும் பிள்ளைகளும் எட்டிப் பார்க்கட்டுமென்று அதன் கதவு திறந்தே கிடந்தது.

அங்கே நிகழ்ந்த ஒரு சிறு மாற்றம் எனக்கு ஒரு பாஷ்யம்போல் தோன்றுகிறது. இளஞ்சிவப்புக் காலுறையும் பாதணியும் பாலேயின் விதி. இடுப்பிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாகக் கால் நீள வேண்டும் என்பதற்காக, வெள்ளைத் தோலை ஒட்டி ஏற்பட்ட விதி அது; கருமேனியில் அதே இளஞ்சிவப்பு கோட்டை வெட்டிவிடுகிறது. ஆகவே ஹார்லத்து நர்த்தகர்கள் காலுறைக்கும் பாதணிக்கும் தத்தம் மேனி நிறத்தையே ஏற்றினர். விதியின் எழுத்தை மீறினர். அதன் பொருளையோ, எழுத்தைக் காத்தவர்களைவிட மிகுதியாகக் காத்தனர். மெய்யாகிய உடம்பு மெய்யாகிய உண்மையோடு அங்கே பொருந்திற்று.

லண்டனில் பாலே பாதணி செய்யும் ஃப்ரீட் நிறுவனம் கருமேனியர்க்கேற்ற நிறங்களில் பாதணி செய்யத் தொடங்கியது 2018-ல்தான். அதுவரை எத்தனையோ மங்கையர், ஆட்டத்துக்கு முன் ஒப்பனை அறையில் அமர்ந்து, முகத்துக்குரிய பூச்சைக் குழைத்து, ஜேனட் காலின்ஸின் முகம் ஏற்க மறுத்த செய்கையைப் பட்டுப் பாதணிக்குச் செய்துகொண்டிருந்தார்கள். கணுக்காலின் நிறம் இளஞ்சிவப்பை மூடி விரல் நுனியை எட்டும்வரை அவர்கள் கை ஓயவில்லை.