பொம்மை வீரனும் நடுகல் வீரனும்

ஏலப்பாறையின் தேயிலைச் சரிவுகளிடையே வாழும் நாம், திருவிழாக் காலத்தில் நம் சிறுவர்க்குப் பொம்மைகள் வாங்கித் தருகிறோம். அவற்றுள் போர்வீரன் ஒருவனேனும் இருப்பான். துப்பாக்கியை நீட்டியோ, குண்டெறியக் கையை ஓங்கியோ அவன் நிற்பான். ஓய்ந்து அமர்ந்த வீரனை நாம் கடையில் கண்டதில்லை. அவன் நிற்கும் நிலை மெய்யா, பொய்யா? விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றும் இவ்வினா, உண்மையில் அறத்தைப் பற்றியதே ஆகும்.

மேலைநாட்டார் சிறு வீரர் உருவங்களை அணிவகுத்து நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுவர். எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1913-இல் இதற்கென்றே 'லிட்டில் வார்ஸ்' என்றொரு நூல் இயற்றினார். சிறு போரை ஆடிப் பார்ப்பவன் பெரும்போரின் பேதைமையை உணர்வான் என்பது அவர் வாதம். மறு ஆண்டே உலகப்போர் மூண்டது! இவ்விளையாட்டில் தேர்ந்தோர், உருவத்தின் கால் உடற்பாரத்தைத் தாங்குகிறதா, கை படைக்கலத்தை முறையாகப் பற்றியுள்ளதா என்று நுணுகி ஆராய்வர். அது வேண்டுவதே. ஆயினும் அஃது உறுப்பின் மெய்ம்மை மட்டுமே.

போர்வீரன் பாய்வது ஒரு கணம். நடப்பதும், சுமப்பதும், காத்திருப்பதும், வீழ்ந்த தோழனைத் தூக்கி வருவதுமே அவனது நெடும்பொழுது. அந்த ஒரு கணத்தையே எடுத்து ஆயிரம் உருவங்களாக வார்த்தால், ஒவ்வோர் உறுப்பும் மெய்யாயிருக்க, முழுமை பொய்யாகிவிடும் அன்றோ?

நம் முன்னோரும் வீரனுக்கு உருவம் சமைத்தனர். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் சிலவற்றில், வில்லேந்தி நிற்கும் வீரனின் உடலிலேயே அம்புகள் தைத்திருக்கக் காண்கிறோம். எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில், வீரனருகே ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. நம் மலைக்குக் கிழக்கே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களிலோ உருவமே இல்லை. பெயரும் செய்தியும் மட்டுமே உள்ளன. நடுகல்லும் புகழ்வதற்கே எழுந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்புகழ் இறப்பை மறைக்கவில்லை. இன்னான், இன்ன பூசலில் பட்டான் என்று அது விலையையும் சேர்த்தே சொல்லிற்று.

இதனை நம்மினும் நன்குணர்ந்தோர் யார்? தேயிலை விளம்பரப் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண் நிமிர்ந்து நின்று முறுவலிக்கிறாள். கூடையும் மெய், கொழுந்தும் மெய். ஆயினும் மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, கொழுந்துச் சுமையோடு சரிவேறிய நம் அன்னையர் அப்படத்தில் இல்லை. நம்மைக் குறித்து வரையப்பட்ட பொய்ந்நிலை நம்மை வருத்துமாயின், பிறரைக் குறித்த பொய்ந்நிலையை நம் மக்கள் கையில் எண்ணாது கொடுத்தல் தகுமோ?

பொம்மையைப் பறித்துவிடுமாறு நாம் கூறவில்லை. குழந்தைக்கு விளையாட்டு வேண்டும். பாயும் வீரனைப் போல் அதன் கண்ணைக் கவர்வது வேறில்லை. ஆனால் அக்குழந்தையின் அருகமர்ந்து, "இவன் காலையில் எவ்வளவு தொலைவு நடந்திருப்பான்? இவன் வரவை எதிர்நோக்கி வீட்டில் யார் காத்திருப்பார்?" என்று கேட்போமாக. அவ்வினா எழுந்த அப்பொழுதே வார்ப்பில் விடுபட்ட மெய்ம்மை குழந்தையின் உள்ளத்தில் உருப்பெறும். நடுகல் நட்டோர் கல்லில் பொறித்ததை, நாம் நம் மக்கள் நெஞ்சில் பொறிப்போம்.