தலைவனில்லாத கூட்டத்தின் வினை யாருக்கு?

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கும் வெண்பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அனார்த்தொசைட் என்னும் அந்தப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் துணையோடு அதைப் பொடித்து, இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது. சந்திரயான் ஊர்தியின் சக்கரங்கள் நிலவுக்குப் போகுமுன் உருண்டு பழகியது இந்தக் கொங்கு மண்ணில்தான்.

2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3, 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தியை நிலவில் இறக்கிவிட்டது. 27ஆம் தேதி அதற்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. வந்த வழியே திரும்பச் சொல்லிப் பூமியிலிருந்து ஆணை போனது, ஊர்தியும் திரும்பியது. முடிவெடுத்தது யார் என்பதில் குழப்பமே இல்லை.

ரோபோக்கள் கூட்டமாகப் போகும்போது இந்தத் தெளிவு போய்விடுகிறது. நாசா உருவாக்கியுள்ள கேடர் திட்டத்தில் மூன்று சிறு ஊர்திகள். எந்தப் பகுதியை ஆராய்வது என்று மட்டும் மனிதர் சொல்வார்கள். தலைமை ஊர்தியைத் தேர்ந்தெடுப்பதும் வேலையைப் பங்கிடுவதும் ஊர்திகளின் பாடு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட டெர்மிஸ் ரோபோக்கள் இன்னும் ஒரு படி மேலே. கறையானைப் பார்த்துச் செய்யப்பட்ட அவற்றுக்குத் தலைவனும் இல்லை, தமக்குள் பேச்சும் இல்லை. எதிரே இருக்கும் கட்டையைப் பார்த்து அடுத்த கட்டையை வைக்கும், கட்டடம் எழும். ஒன்றிரண்டு பழுதானாலும் வேலை நிற்காது என்பதால், மனிதர் கால்வைக்க முடியாத இடங்களில் குடியிருப்பு அமைக்க இத்தகைய கூட்டமே தோது என்கிறார்கள்.

கோவையை அடுத்த பேரூர்ப் பக்கம் சைவ சித்தாந்தம் பாடம் கேட்டவருக்கு, தலைவனின்றி நடக்கும் இந்த வேலை உறுத்தும். உலகம் சடம், சடம் தானாக ஒழுங்குபட்டு இயங்காது, ஆகவே இயக்குபவன் ஒருவன் வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் முன்வைத்த வாதம் இது. அறிவற்ற மூலப்பகுதியே தானாக விரிந்து உலகாகும் என்பது சாங்கியரின் கட்சி. டெர்மிஸைக் கண்டிருந்தால் சாங்கியர் கைதட்டியிருப்பார்.

அவசரப்பட்டுத்தான் தட்டியிருப்பார். கட்ட வேண்டிய வடிவத்தை முன்கூட்டியே விதிகளாக மாற்றி ரோபோக்களுக்குள் வைத்தவர்கள் ஆய்வாளர்கள். முழு வடிவம் அவர்களுக்கு முன்பே தெரியும். இதைக் கொண்டு கடவுளை நிறுவிவிட முடியாதுதான்; உயிருள்ள கறையானுக்கு விதி வகுத்தது பரிணாமம் என்று உயிரியலாளர் மறிப்பார். ஆனால் மனிதர் செய்து அனுப்பும் கூட்டத்தைப் பொறுத்தவரை வழக்கில் சிக்கலில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இப்படி அனுப்பும் கூட்டம், உயிர் இருக்கக்கூடிய இடத்தில் அறியாமல் கைவைத்துவிடலாம் என்ற அச்சம் வீண் அச்சமல்ல. வியாழனின் துணைக்கோளான யூரோப்பா மாசுபடக் கூடாதென்று 2003இல் கலிலியோ விண்கலத்தை வியாழனுக்குள்ளேயே விழச்செய்தது நாசா. நாளை ஒரு கூட்டம் அப்படியொரு இடத்தைக் கெடுத்துவிட்டால், ரோபோக்கள் தாமாக எடுத்த முடிவு என்று அனுப்பியவர் ஒதுங்க முடியாது. தனியார் நிறுவனம் அனுப்பினாலும் பொறுப்பு அந்த நாட்டு அரசுக்கே என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு.